பேரேடும் விளம்பரமும்

(பழைய மாணவியர் மறுசந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்திலிருந்து போன் செய்தபோது, "மேடம், நீங்க அந்தக் காலத்துலயே முதல் பெண் பேங்க் ஆபீசர். அப்புறம் விளம்பரக் கம்பெனியில பெரிய பதவி. உங்க சாதனைகளைப் பத்திப் பேசுங்க" என்றார்கள். இரண்டு திருத்தங்கள் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முதலாவது, நான் முதல் பெண் இல்லை. எனக்கு முன்பே வங்கிகளில் பெண்கள் இருந்தார்கள். 1962-லேயே சிண்டிகேட் வங்கி, பெங்களூர் சேஷாத்திரிபுரத்தில் முழுக்கப் பெண்களே வேலை பார்க்கும் ஒரு கிளையைத் திறந்தது. எங்கள் பயிற்சி வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம், அதில் பெண்கள் மூன்று பேர். என் பெருமை அவ்வளவுதான். இரண்டாவது, சாதனையை மட்டும் பேசினால் அது பாதிக் கணக்கு. வரவுப் பக்கத்தை மட்டும் காட்டி எந்த ஆடிட்டரிடமும் கையெழுத்து வாங்க முடியாது. பற்றுப் பக்கத்தில் ஒரு பதிவு இருக்கிறது. அதற்கு உரியவர் இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேச வந்திருக்கிறேன்.

1969 ஜூலை 19-ஆம் தேதி, சனிக்கிழமை ராத்திரி, 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கிவிட்டதாக இந்திரா காந்தி வானொலியில் அறிவித்தார். நாங்கள் அப்போது ஹாஸ்டலில் கடைசி வருஷம். அடுத்த இரண்டே நாளில் மனிதன் நிலாவில் இறங்கிவிட்டதால் வங்கியைப் பற்றி ஹாஸ்டலில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு நிலாதான் பெரிதாகப் பட்டது. ஆனால் என் தலையெழுத்து அந்தச் சனிக்கிழமை அறிவிப்பில்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அப்போது நாடு முழுவதும் வங்கிக் கிளைகள் மொத்தம் 8,262. 1990-ல் அது 60,000-ஐ நெருங்கிவிட்டது. இத்தனை கிளை திறந்தால் ஆள் வேண்டாமா? ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்று வந்தபோதுதான் எங்களுக்கும் கதவு திறந்தது. யாரும் எங்களைத் தேடி வந்து கூப்பிடவில்லை. ஆள் போதவில்லை, அதனால் எடுத்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

1971-ல் நேர்முகத் தேர்வு. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணிதப் பட்டதாரி ஆயிற்றே, கூட்டுவட்டி கேட்பார்கள் என்று ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டு போயிருந்தேன். கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவீர்களா?" இரண்டாவது கேள்வி, "மாற்றல் போட்டால் அப்பா அனுப்புவாரா?" கூட்டுவட்டியை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் வெளிநாட்டுத் துறையில் முதல் பெண் அதிகாரியாகச் சேர்ந்த சி.பி. முத்தம்மா, கல்யாணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரிகள் மட்டும் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி போன்றவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். தீர்ப்பு 1979-ல் வந்தது. அந்தக் காலத்துக் காற்று அப்படி.

முதல் கிளை சென்னையிலேயே. அப்போதெல்லாம் கிளை மேலாளரை 'ஏஜென்ட்' என்றுதான் சொல்வோம். எங்கள் ஏஜென்ட் நல்ல மனிதர், ஆனால் என்னை எங்கே உட்கார வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. கவுண்டரில் வைத்தால் வாடிக்கையாளர் வேடிக்கை பார்ப்பார்கள், உள்ளே வைத்தால் வேலை கற்றுக்கொள்ள முடியாது. கடைசியில் சேமிப்புக் கணக்குப் பேரேடுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் கிடைத்தது. ஒவ்வொரு பேரேடும் தூக்கினால் தோள் இறங்கும் கனம். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கையெழுத்து. சாயங்காலம் டே புக்கில் வரவும் பற்றும் சரியாக வந்தால்தான் வீட்டுக்குப் போகலாம்.

மாணவிகளுக்கு ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கணக்கில் உதைக்கிற தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் யாரோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருப்பார்கள். 816-ஐ 186 என்று எழுதினால் வித்தியாசம் 630. இது ஏன் அப்படி என்று இந்தக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு டிசம்பர் 31 ராத்திரி, அப்போது வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிவு அன்றைக்குத்தான், பதினொன்றரை மணிக்கு எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தபோது, "சார், வித்தியாசம் ஒன்பதுல போகுது, இலக்கம் மாறியிருக்கும்" என்றேன். இருபது நிமிஷத்தில் ஆள் அகப்பட்டார். அதற்கப்புறம் என்னை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வியே வரவில்லை.

1974-ல் வைகைக் கரையில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றல். கிளையில் பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது, எதிர்வீட்டு அம்மா தயவில் காலம் ஓடியது. அங்கேதான் என் வாழ்க்கையின் பெரிய பாடம் கிடைத்தது. சந்தையில் காய்கறி விற்கிற ஒரு பாட்டி, எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்தார். கைநாட்டுதான். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் இருப்பு. ஒருநாள் காலையில் கதவு திறந்ததும் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"தாயி, எம் பணம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு பாட்டி."

"கண்ணுல காட்டு."

பேரேட்டை எடுத்து அவர் பக்கத்தைக் காட்டினேன். "இது எழுத்துல்ல? பணம் எங்க?" என்றார். வங்கியில் போட்ட பணம் அப்படியே பெட்டியில் இருக்காது, கடனாக வெளியே போகும், வட்டியோடு திரும்பி வரும், அதிலிருந்துதான் உங்களுக்கு வட்டி தருகிறோம் என்று விளக்கினேன். பாட்டி ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப எம் பணத்தை யாருகிட்ட குடுத்திருக்க?"

நாற்பது பேர் படித்த பயிற்சி வகுப்பில் ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேர் சொல்லக்கூடாது, சொல்லவுமில்லை. ஆனால் விவரம் சொன்னேன். கொஞ்சம் பம்புசெட்டு வாங்கின விவசாயிக்கு, கொஞ்சம் தறி வைத்திருப்பவருக்கு, கொஞ்சம் நகை அடகின் மேல், ஒரு பகுதி சட்டப்படி அரசாங்கப் பத்திரத்தில், ஒரு பகுதி ரிசர்வ் வங்கியில். "பம்புசெட்டுக்காரன் திருப்பித் தரலேன்னா?" "பேங்க் தரும் பாட்டி." "பேங்கே தரலேன்னா?" அதற்கும் பதில் இருந்தது. 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கிப் போய், போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் 1962-ல் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்தது. ஆரம்பத்தில் ஓர் ஆளுக்கு 1,500 ரூபாய் வரைதான், நான் பாட்டியிடம் பேசிய நாளில் 10,000 ரூபாய். இன்றைக்கு 5 லட்சம், அது 2020-ல் உயர்த்தியது. இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பாட்டி எழுந்தார். "சரி. அந்தப் பம்புசெட்டுக்காரன் மேல ஒரு கண்ணு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

இந்தப் பாட்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1978-ல் தலைமை அலுவலகத்து விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை இடம் என்று பலர் நினைத்தார்கள். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அங்கே வந்துபோகும் ஏஜென்சிக்காரர்கள் மூலமாக 1983-ல் ஓர் ஏஜென்சியில் வேலை கிடைத்தது. அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சர்க்கார் உத்தியோகத்தை விட்டுட்டுப் பொய் சொல்ற உத்தியோகத்துக்குப் போறியாம்மா?" என்றார். "பொய் சொல்ல மாட்டேன்ப்பா" என்றேன். அந்த வாக்குறுதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அன்றைய சென்னை விளம்பர உலகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். சுருக்கிக்கொள்கிறேன். எல்லா விளம்பரமும் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படும். அது ஓகே ஆன பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்கு, "கொஞ்சம் தமிழ்ல போட்டுக் குடுங்க மேடம், ராத்திரி பேப்பருக்குப் போகணும்" என்று நீட்டுவார்கள். ஒரு சேமிப்புத் திட்டத்துக்கு, பணம் வளர்வதைப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் அழகாக இருந்ததை, "உங்கள் பணம் வளர்வதைக் கவனியுங்கள்" என்று மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். படித்த எங்கள் வீட்டு வேலைக்கார அம்மா, "ஏம்மா, காவலுக்கு நிக்கச் சொல்றாங்களா?" என்றார். தமிழ் விளம்பரத்தைத் தமிழிலேயே யோசித்து எழுத வேண்டும் என்று நான் சண்டை போட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். ஜெயிக்க நாலு வருஷம் ஆனது.

தொழில்நுட்பமும் அப்படித்தான். எழுத்தை அச்சுக்கோத்து புரோமைடு எடுத்து, வெட்டி, பசை தடவி அட்டையில் ஒட்டுவோம். ஒருமுறை வெயிலில் ஒரு துணைக்கால் உதிர்ந்து விழுந்துவிட்டது. "குழந்தைக்குப் பால்" என்று இருக்க வேண்டியது "குழந்தைக்குப் பல்" என்று ஆகிவிட்டது. பேப்பர் ஆபீசில் ஒரு புரூஃப் ரீடர் பார்த்துப் போன் செய்யாவிட்டால் அன்றோடு என் உத்தியோகம் போயிருக்கும். பிறகு தொலைக்காட்சி வந்தது. சென்னையில் 1975-ல் நிலையம், 1976-ல் தூர்தர்ஷனில் விளம்பரம், 1982-ல் கலர். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் ஒரு விளம்பரம் இடம் பிடிப்பது என்றால் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி.

பெண் என்பதால் எனக்குக் கொடுத்தது சோப்பு, பால் பவுடர், புடவை. ஆண்களுக்கு டயர், சிமென்ட், சிகரெட். சிகரெட்டுக்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் எண்பதுகளின் பாதியில் பங்கு வெளியீடும், டெபாசிட் திட்டங்களும் பெருகியபோது, பாலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த ஆள் ஏஜென்சியிலேயே நான் ஒருத்திதான். "பேங்க்காரம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். அப்படித்தான் மேலே வந்தேன். 1993-ல் எக்ஸிம் வங்கிக்கு தர்ஜனி வகீல் தலைவரானார். ஒரு பெண் இந்தியாவில் பெரிய நிதி நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றது அதுதான் முதல் தடவை. அந்த வருஷம்தான் எங்கள் ஏஜென்சியில் எனக்கு டைரக்டர் பதவி. என் அறைக் கதவில் பெயர்ப்பலகை மாட்டிய அன்று அப்பா வந்து பார்த்தார்.

இனி பற்றுப் பக்கம்.

1994-ல் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். அந்தச் சமயம் சென்னையில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி. வங்கி 10, 12 சதவீதம் கொடுத்தால் இவர்கள் 24, 30 என்றார்கள், பணம் போட்ட அன்றே ஊக்கத் தொகை, வெள்ளிக் குத்துவிளக்கு. இங்கே எங்கள் தொழிலின் ஓர் உள்விஷயம் சொல்ல வேண்டும். விளம்பரக் கட்டணத்தில் 15 சதவீதம் ஏஜென்சிக்குக் கமிஷன். ஆனால் கிளையன்ட் பணம் தந்தாலும் தராவிட்டாலும், பத்திரிகைக்கு இரண்டு மாதத்துக்குள் நாங்கள் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பத்திரிகைகள் எங்கள் விளம்பரத்தையே வாங்காது. பல ஏஜென்சிகள் இந்த இடைவெளியில்தான் செத்தன. இந்தக் கம்பெனியோ மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தது. எங்களுக்கு அது தெய்வமாகத் தெரிந்தது.

அவர்கள் விளம்பரத்துக்கு நான்தான் எழுதினேன். "உறங்கும் பணத்தை எழுப்புங்கள்." இந்தத் தலைப்பைத் தமிழ்நாட்டில் நிறையப் பேர் அப்போது சொல்லித் திரிந்தார்கள். நல்ல தலைப்பு. இன்றைக்கும் நல்ல தலைப்பு என்றுதான் சொல்வேன், அதுதான் சங்கடம்.

ஃபைனான்ஸ் கம்பெனிகள் டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்வதற்கு 1977-லேயே விதிகள் இருந்தன. கம்பெனியின் லாபம், பங்காதாயம், சுருக்கமான பாலன்ஸ் ஷீட், எல்லாம் விளம்பரத்திலேயே போட வேண்டும். போட்டோம். தலைப்பு ஒரு அங்குல எழுத்து, பாலன்ஸ் ஷீட் எறும்பு எழுத்து. ஆனால் எறும்பு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான். கொடுத்த கடனில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த நிறுவனங்களுக்கே போயிருப்பது போலத் தெரிந்தது. கூட்டத்தில் நிர்வாக இயக்குநரிடம் கேட்டேன், "சார், இந்தக் கடனெல்லாம் யாருக்குக் கொடுத்திருக்கீங்க?" அவர் சிரித்தார். "மேடம், அது எங்க வேலை. தலைப்பு உங்க வேலை. தலைப்பு பிரமாதமா இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காப்பி வந்தது.

பாட்டி கேட்ட அதே கேள்விதான். பாட்டி பதில் கிடைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த பருவத்துக்கு நான் எழுத மறுத்துவிட்டேன் என்று இங்கே சொன்னால் நீங்கள் கை தட்டுவீர்கள். மறுக்கவில்லை. மூன்று பருவம் எழுதினேன். 1997-ல் அவர்கள் எங்களுக்குக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் நிறுத்தினோம். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நிறையக் கம்பெனிகள் வரிசையாக ஷட்டரை இறக்கின. முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழக அரசு 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. சொத்தை முடக்கி, விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அதில் வழி உண்டு. ஆனால் எத்தனை வருஷம் ஆகும் என்று சட்டத்தில் எழுதவில்லை.

1998-ல் ஒருநாள் இந்தக் கல்லூரி ஹாஸ்டலில் என் அறைத்தோழியாக இருந்தவள் வீட்டுக்கு வந்தாள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கையில் டெபாசிட் ரசீது. இரண்டு லட்சம். பிராவிடண்ட் ஃபண்டில் வந்தது, பெண் கல்யாணத்துக்கு வைத்தது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க வரிசையில் நின்றுவிட்டு நேரே வந்திருந்தாள். "விளம்பரம் உன் ஏஜென்சி செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்டி. அதனாலதான் போட்டேன்" என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு, "விளம்பரம்னா நாலு வார்த்தை கூடத்தான்டி இருக்கும், நீ என்னை ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக்கூடாதா?" என்றேன். எவ்வளவு மட்டமான பேச்சு பாருங்கள். அவள் கோபப்படவில்லை. "நான் பேங்க்காரியை நம்பினேன். விளம்பரக்காரியை இல்ல" என்று சொல்லிவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் கமிஷனில் என் பங்கு எவ்வளவு என்று அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை அவளிடம் கொண்டு போனேன். வாங்க மறுத்தாள். அவள் மகள் கல்யாணத்துக்கு வேறு வழியில் செலவு செய்தேன், அது அவளுக்குப் பிறகுதான் தெரியும். நீதிமன்றம் மூலமாக அவளுக்குக் கொஞ்சம் பணம் திரும்பி வந்தது, 2009-ல். வட்டி இல்லை. அசலிலும் பாதி இல்லை. ஐந்து வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. 2003-ல் எங்கள் ஆசிரியை ஒருவர் காலமான அன்று மயானத்துக்கு வெளியே ஒரே ஆட்டோ கிடைத்தது. அதில் ஏறினோம். இன்றைக்கும் ஒரே ஆட்டோவில்தான் வந்தோம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை எங்கள் ஏஜென்சியில் டெபாசிட் விளம்பரம் எடுப்பதாக இருந்தால், கடன் பட்டியலை நான் பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தேன். அதனால் போன கிளையன்ட்கள் உண்டு. அவர்கள் அடுத்த தெருவில் வேறு ஏஜென்சியில் விளம்பரம் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1985-லேயே விளம்பரத் துறை தனக்குத் தானே ஏ.எஸ்.சி.ஐ. என்ற தர நிர்ணயக் கவுன்சிலை வைத்துக்கொண்டது, நல்ல காரியம். ஆனால் எங்கள் தலைப்பில் ஒரு பொய்யும் கிடையாது, எந்தக் கவுன்சில் என்ன செய்யும்? அப்பாவிடம் கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்து நான் காப்பாற்றித்தான் இருந்தேன். இப்போது 2019-ல் வந்த மத்தியச் சட்டம், ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டத்தை நடத்துவதை மட்டுமல்லாமல் அதற்கு விளம்பரம் செய்வதையும் சேர்த்தே தடை செய்கிறது. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் நான் சிரித்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மாணவிகளில் சிலர் மதிய உணவின்போது என்னிடம் பேசினார்கள். ஒரு பெண் செல்போனில் சின்னச் சின்ன வீடியோ போட்டுப் பண விஷயம் சொல்லிக் கொடுக்கிறாளாம், ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்களாம். ஒரு கம்பெனி அவளுக்குப் பணம் கொடுத்து அவர்கள் திட்டத்தைப் பற்றிச் சொல்லக் கேட்கிறதாம். "செய்யலாமா மேடம்?" என்றாள். அந்தக் கம்பெனி ரிசர்வ் வங்கியிலோ செபியிலோ பதிவு பெற்றதா என்று பார்க்கச் சொன்னேன், ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம். பணம் வாங்கிக்கொண்டு சொல்வதைப் பணம் வாங்கியதாகவே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னேன். பிறகு, பாட்டியின் கேள்வியை அவர்களிடம் கேட்கச் சொன்னேன். "சிரிச்சா என்ன மேடம் பண்றது?" என்றாள். நல்ல கேள்வி. உன் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை அம்மா. விழா முடிந்ததும் வந்து பார், பேசலாம்.

ஒரு காரியம் பாக்கி. அந்த விளம்பரத்தின் ஒரு பிரதியை இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், அரைப்பக்கம், ஓரம் பழுத்துவிட்டது. இதைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கிறேன். வணிகவியல் மாணவிகள் முதலில் எறும்பு எழுத்தைப் படித்துவிட்டுப் பிறகு தலைப்புக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பூதக்கண்ணாடியும் சேர்த்து வைத்திருக்கிறேன், அது என் தோழி வாங்கிக் கொடுத்தது. முதல்வர் அம்மா மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.